பிள்ளைக்குப் பொம்மை வாங்குவோர் கவனத்திற்கு

 

 

ஆனி பிறந்து தென்மேற்குக் காற்று மலையைக் கடந்து வீசத் தொடங்கினால் தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் சாரல் வந்துவிடும். ஆவணி வரை பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் கூட்டம் குறையாது. கடையநல்லூர், வடகரை, செங்கோட்டை, மேலப்பாளையம் எனப் பல ஊர்களிலிருந்தும் நம்மவர்கள் குடும்பம் குடும்பமாக வருகின்றனர். குளித்து முடித்துத் தலை துவட்டிக் கடைவீதி வழியே திரும்பும்போது, இடுப்பில் இருக்கும் பிள்ளை கையை நீட்டும். அங்கே பழக்கடைக்கும் எண்ணெய்க் கடைக்கும் நடுவே பொம்மைக் கடை இருக்கும். பிள்ளை அழும். வாப்பா பையில் கை விடுவார். இரண்டு நிமிடத்தில் வியாபாரம் முடிந்துவிடும்.

அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றியே இம்மாதம் பேச எண்ணுகின்றோம். “இதுவும் ஒரு மார்க்க விஷயமா?” என்று சிலர் கேட்கலாம். ஆம், மார்க்க விஷயமேதான். ஏனெனில் நம் வீடுகளில் இது பற்றி இரண்டு விதமான தவறுகள் நடந்து வருகின்றன. சில வீடுகளில் பாட்டனார் பொம்மையைக் கண்டதும், “உருவம் இருக்கும் வீட்டில் மலக்குகள் வரமாட்டார்கள்” என்று சொல்லி, பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கி வீதியில் எறிந்துவிடுகிறார். பிள்ளை விம்முகிறது, மருமகள் வாய் பேசாமல் நிற்கிறாள். வேறு சில வீடுகளிலோ, அழுகை நின்றால் போதும் என்று பிள்ளை கைகாட்டிய எதையும் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அது என்ன பொருள், எதனால் செய்தது, வாயில் போனால் என்ன ஆகும் என்று கேட்பாரில்லை. முன்னவரிடம் பேணுதல் இருக்கிறது, விளக்கம் போதவில்லை. பின்னவரிடம் பாசம் இருக்கிறது; பொறுப்பு போதவில்லை.

அன்னையார் வீட்டுப் பொம்மைகள்

உருவங்கள் இருக்கும் வீட்டில் மலக்குகள் நுழைவதில்லை என்ற ஹதீது ஸஹீஹானது. புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியிருக்கிறது. பாட்டனார் சொன்னது இட்டுக்கட்டிய செய்தியன்று. ஆனால் அதே புகாரீ, முஸ்லிமில் இன்னொரு ஹதீதும் உண்டு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறு வயதில் நாயகம் (ஸல்) அவர்களின் வீட்டிலேயே பெண் பொம்மைகளை வைத்து விளையாடி வந்தார்கள். கூட விளையாடத் தோழிகளும் வருவார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் உள்ளே வந்தால் அச்சிறுமிகள் வெட்கப்பட்டு ஒளிந்து கொள்வார்கள். அண்ணலார் அவர்களைத் தேடி, விளையாடும்படி மறுபடியும் அன்னையாரிடம் அனுப்பி வைப்பார்கள்.

இதைக் கவனியுங்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் பொம்மை விளையாட்டைக் கண்டும் காணாததுபோல் இருந்துவிடவில்லை. நின்றுபோன விளையாட்டைத் தொடர வைத்தார்கள்.

அபூதாவூதில் மற்றொரு நிகழ்ச்சியும் வருகிறது. ஒரு போரிலிருந்து நாயகம் (ஸல்) அவர்கள் திரும்பி வந்த வேளை. காற்றில் திரை விலகி, அன்னையாரின் பொம்மைகள் தெரிந்தன. அவற்றின் நடுவே துணியால் இறக்கை வைத்த ஒரு குதிரையும் இருந்தது. குதிரைக்கு இறக்கையா என்று அண்ணலார் வினவ, ஸுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததாகத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையார் மறுமொழி கூறினார்கள். கடைவாய்ப் பற்கள் தெரியும் அளவுக்கு அண்ணலார் சிரித்தார்கள். போரின் களைப்போடு வந்தவர்கள் ஒரு துணிக் குதிரையைக் கண்டு சிரித்தார்கள் என்றால், பிள்ளையின் கற்பனைக்கு நம் மார்க்கத்தில் எத்தகைய இடம் இருக்கிறது என்பதை அறிந்துகொள்ளலாம்.

மிகச் சிறிய பிள்ளைகளுக்கு உரிய ஆதாரமும் உண்டு. முஅவ்விதின் மகளார் ருபய்யிஉ (ரலி) என்ற ஸஹாபிப் பெண்மணி அறிவிக்கிறார்கள். ஆஷூரா நோன்பன்று தங்கள் குழந்தைகளையும் நோன்பு நோற்கச் செய்வார்களாம். குழந்தை உணவு கேட்டு அழுதால், கம்பளி நூலால் செய்த விளையாட்டுப் பொருளைக் கையில் கொடுத்து நோன்பு திறக்கும் நேரம் வரை மகிழ்விப்பார்களாம். இதுவும் புகாரீ, முஸ்லிமில் உள்ளது. கம்பளியும் கந்தைத் துணியும்தான் அந்த வீடுகளின் பொம்மைகள். மென்மையானவை, பிள்ளையைக் காயப்படுத்தாதவை, காசு செலவில்லாமல் தாயின் கையாலேயே ஆனவை.

இமாம்கள் என்ன சொன்னார்கள்?

இந்த ஹதீதுகளை ஆதாரமாகக் கொண்டு, உருவங்களைப் பற்றிய தடையிலிருந்து பிள்ளைகளின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு என்பதே உலமாக்களில் பெரும்பாலோரின் கருத்து என்று காழீ இயாழ் (ரஹ்) போன்றோர் எடுத்துக் கூறியிருக்கிறார்கள். ஹனஃபீ மத்ஹபின் பெரும் இமாமான அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களிடமிருந்து, விளையாட்டுப் பொம்மையை விற்பதும் பிள்ளைகள் அதை வைத்து விளையாடுவதும் கூடும் என்ற சொல் வந்திருக்கிறது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள், தகப்பன் மகளுக்காகப் பொம்மையை விலைக்கு வாங்குவதை விரும்பவில்லை என்ற அறிவிப்பும் உண்டு. முகம் கண் மூக்கெல்லாம் தீர்க்கமாக அமைந்த இக்காலப் பொம்மைகளைத் தவிர்த்து, அக்காலத் துணிப் பொம்மை போன்றவற்றை மட்டும் அனுமதிக்கும் ஆலிம்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பேணுதலை நாம் மதிக்கிறோம்.

இதில் ஒரு சரித்திரச் செய்தி அறியத்தக்கது. அப்பாஸிய கலீஃபா முக்ததிர் காலத்தில் பக்தாதின் கடைவீதிகளைக் கண்காணிக்கும் முஹ்தஸிப் பதவியில், ஷாஃபிஈ மத்ஹபின் மாபெரும் அறிஞர் அபூஸயீத் இஸ்தக்ரீ (ரஹ்) அவர்கள் இருந்தார்கள். ஹிஜ்ரி 328-இல் மறைந்த பெரியார் அவர். தவறான பொருள்கள் விற்ற கடைவீதியை எடுத்துவிடச் செய்த அவர், பொம்மைக் கடைவீதியை மட்டும் இருக்கும்படி விட்டுவிட்டார். காரணம் கேட்டதற்கு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளையே எடுத்துக் காட்டினார். இமாம் மாவர்தீ (ரஹ்) இதனைத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பக்தாதில் பொம்மைகளுக்கென்று தனியே ஒரு கடைவீதியே இருந்திருக்கிறது. அதைக் காத்தவர் ஓர் ஆலிம்!

ஆகவே, பேரப்பிள்ளையின் கையிலிருந்து பொம்மையைப் பிடுங்கும் பெரியவர்கள் சற்று நிதானிக்க வேண்டும். நமக்குப் பேணுதல் வேண்டுமானால் வாங்கும்போது பேணுவோம். கொடுத்தபின் பிடுங்கிப் பிள்ளையின் மனதை உடைப்பது பேணுதலாகாது.

அனுமதியின் எல்லை

விலக்கு ஏன் வந்தது? பிள்ளைக்காக வந்தது. அதன் விளையாட்டுக்காகவும், பிற்காலத்தில் பிள்ளை வளர்க்கும் பழக்கத்திற்காகவும் வந்தது. எனவே பிள்ளையின் கையை விட்டுக் கண்ணாடி அலமாரிக்கு ஏறிய பொம்மைக்கு இந்த விலக்கு போய்ச் சேராது. வெளிநாட்டிலிருந்து வந்த விலையுயர்ந்த பொம்மையைப் பிள்ளை தொட்டால் அழுக்காகும் என்று பூட்டி வைத்து, வந்தவர்களுக்குக் காட்டும் வீடுகள் உண்டு. அது விளையாட்டுப் பொருளன்று, அலங்கார உருவம். உருவங்கள் வரைந்த திரையை அன்னையார் தொங்கவிட்டபோது நாயகம் (ஸல்) அவர்கள் வெறுப்புக் கொண்டார்கள் என்பதையும், அன்னையார் அதைக் கிழித்துத் தலையணைகளாக்கினார்கள் என்பதையும் ஹதீதில் காண்கிறோம். பொம்மை அதே வீட்டில் அனுமதிக்கப்பட்டது. அலங்காரத் திரை அனுமதிக்கப்படவில்லை. வேறுபாடு இங்கேதான்.

ஆகையால் விளையாடி முடிந்ததும் பொம்மைகளை ஒரு ஓலைப்பெட்டியிலோ பையிலோ போட்டு மூடி வைக்கப் பழக்குங்கள். தொழும் இடத்தில், கிப்லாவை நோக்கி நிற்கும் சுவரோரம் அவற்றை விட்டு வைக்காதீர்கள்.

பிற சமயத்தவர் வணங்கும் உருவங்களைப் பிள்ளைக்கு விளையாட வாங்கக் கூடாது. நம் ஈமானுக்கும் அது பொருந்தாது. அவர்கள் மனமும் புண்படும். பிறர் வணங்குபவற்றை ஏச வேண்டாம் என்று திருமறையே தடுத்திருக்க, அவற்றைத் தரையில் உருட்டி விளையாடக் கொடுப்பது எப்படித் தகும்? ஆபாசமாக உடுத்திய பொம்மைகளும், இரத்தமும் மண்டையோடுமாகப் பிள்ளையைப் பயமுறுத்தும் பொம்மைகளும் அவ்வாறே தவிர்க்க வேண்டியவை.

வாய்க்குப் போகும் அமானிதம்

இனி, நாம் மிகவும் வலியுறுத்த விரும்பும் விஷயத்திற்கு வருவோம். ஒவ்வொருவரும் மேய்ப்பாளரே, தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுவர் என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் அறிவிப்பு. நாம் வாங்கும் துணியைத் தேர்ந்தெடுக்க நமக்கு அறிவிருக்கிறது. ஒன்றரை வயதுப் பிள்ளைக்கோ சிவப்பும் மஞ்சளும் பளபளப்பும்தான் தெரியும். அது எதையும் கையால் பார்ப்பதைவிட வாயால் பார்க்கிறது. அதற்காகச் சிந்திக்க வேண்டிய பொறுப்பை அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்திருக்கிறான். ஹலாலான பொம்மை என்று தெரிந்துகொள்வது பாதிதான். தீங்கில்லாத பொம்மையா என்று பார்ப்பது மறுபாதி. தீங்கு செய்வதும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்பது நம் ஷரீஅத்தின் அடிப்படை விதிகளில் ஒன்றல்லவா?

கடையில் நின்று பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறோம். தாய்மார்கள் மனதில் இருத்திக் கொள்க.

முதலாவது, அளவு. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் தொண்டை குறுகலானது. சிறு பொருள்களைச் சோதிக்கத் தரநிர்ணயத்தார் 31.7 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு குழாயைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கிவிடும் பொருளோ, பொம்மையிலிருந்து கழன்று வரும் பாகமோ, அந்த வயதுப் பிள்ளைக்கு ஆகாது. மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம் என்று நினைவில் கொள்ளுங்கள். பொம்மையின் கண், மூக்கு, பொத்தான், சக்கரம் ஆகியவற்றைக் கடையிலேயே இழுத்துப் பாருங்கள். உங்கள் விரலுக்கு அசைந்தால் பிள்ளையின் பல்லுக்குக் கழன்றுவிடும்.

இரண்டாவது, பட்டன் பேட்டரி. பாடும் பொம்மை, விளக்கெரியும் பொம்மைகளில் காசு போன்ற சிறு பேட்டரி இருக்கும். பிள்ளை விழுங்கி அது உணவுக்குழாயில் தங்கிவிட்டால், இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உள்ளே வெந்து புண்ணாகிவிடக்கூடும். பேட்டரி மூடி திருகாணியால் இறுக்கப்படாத பொம்மையை வாங்கவே வேண்டாம். காந்தத் துண்டுகள் உள்ளவையும் அப்படியே. இரண்டு காந்தங்கள் வயிற்றுக்குள் போனால் குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துத் துளைத்துவிடும். தண்ணீரில் போட்டால் பெருக்கும் ஜெல்லி மணிகளும் வயிற்றில் பெருத்து அடைத்துக்கொள்ளும்.

மூன்றாவது, பலூன். அருவிக்கரையில் இதைவிட மலிவான பொருள் இல்லை. ஊதாத பலூனும், வெடித்த பலூனின் துண்டும் பிள்ளையின் மூச்சுக்குழாயை மூடிவிட்டால் எடுப்பது மிகக் கடினம். வெடித்த துண்டுகளை அப்போதே பொறுக்கி அப்புறப்படுத்துங்கள்.

நான்காவது, கயிறு. இழுக்கும் வண்டியின் நீண்ட கயிறு கழுத்தில் சுற்றிக்கொள்ளும். ஒரு சாண் அளவுக்கு மேல் இருந்தால் வெட்டிவிடுங்கள். ஒரு வயது நிரம்பாத பிள்ளை உறங்கும் தொட்டிலுக்குள் பஞ்சுப் பொம்மையே வேண்டாம். முகத்தில் அமுங்கி மூச்சு முட்டும்.

ஐந்தாவது, சாயம். பளிச்சிடும் மஞ்சள், சிவப்புப் பெயிண்டில் ஈயம் கலந்திருக்கலாம். ஈயம் பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே அதற்கு இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாதென்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஈரத்துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் துணியில் ஒட்டினால் பிள்ளையின் நாக்கிலும் ஒட்டும். கடுமையான இரசாயன வாடை வீசும் பிளாஸ்டிக்கையும் விலக்குங்கள்.

2021 ஜனவரி முதல் விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. பிளாஸ்டிக், பேட்டரி பொம்மைகளில் இம்முத்திரையும், எந்த வயதுக்கு உரியது என்ற குறிப்பும் இருக்கின்றனவா என்று பார்த்தே வாங்குங்கள். பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொருள்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு.

இத்தனைக்குப் பிறகும் ஏதேனும் விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால், வாந்தியெடுக்க வைக்காதீர்கள். தொண்டைக்குள் கண்ணை மூடிக்கொண்டு விரலை விடாதீர்கள்; பொருள் இன்னும் உள்ளே போய்விடும். 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். ஓதிப் பார்ப்பது நல்லதுதான். போகும் வழியில் ஓதிக்கொண்டே போங்கள். ஓதுவதற்காக ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

நம் வட்டாரத்துச் செப்புச் சாமான்

தென்காசிக்குப் பக்கத்திலேயே அம்பாசமுத்திரம் இருக்கிறது. அங்கே கடைசல் பிடித்துச் செய்யும் மரச் செப்புச் சாமான்கள் தலைமுறை தலைமுறையாகப் பெயர் பெற்றவை. குட்டி அடுப்பு, பானை, ஆட்டுரல், அம்மி, குடம் என்று ஒரு வீட்டின் அடுக்களை முழுவதும் ஓலைப்பெட்டிக்குள் அடங்கிவிடும். உருவம் பற்றிய ஐயமே எழாத விளையாட்டுப் பொருள் இது. பேணுதல் மிகுந்த பெரியவர்கள் இருக்கும் வீட்டில் மாமனாருக்கும் மருமகளுக்கும் சச்சரவில்லாமல் நுழையக்கூடியது. உழைக்கும் கைவினைஞருக்கும் நாலு காசு போய்ச் சேரும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. செப்பின் அழகே அதன் சிறுமையில்தான். குட்டி மூடியும் கரண்டியும் நாம் மேலே சொன்ன அளவுக்குள் அடங்கிவிடும். ஆகவே மூன்று வயது நிரம்பிய அக்காளுக்குச் செப்புப் பெட்டி வாங்குங்கள். தவழும் தம்பிக்கு அதே மரத்தில் பெரிய கிலுகிலுப்பையோ, நடை பழகும்போது நடைவண்டியோ வாங்குங்கள். அக்காள் விளையாடி முடிந்ததும் செப்புகளை எண்ணிப் பெட்டியில் போடட்டும். எண்ணும் பழக்கமும் வரும், தம்பியும் பிழைப்பான். மரப் பொருளில் சிலும்பு இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். அரக்குச் சாயமா, பெயிண்டா என்று விற்பவரிடம் கேட்கத் தயங்காதீர்கள்.

வசதியில்லாத வீட்டார் மனம் தளர வேண்டாம். துவைத்துக் காய்ந்த பழைய பருத்திச் சேலையில் கந்தையை இறுக்கித் திணித்து, அடர்த்தியாகத் தையல் போட்டு ஒரு பொம்மை செய்துவிடலாம். பொத்தான் கண் வேண்டாம். மணியோ பாசியோ தைக்க வேண்டாம். முகமில்லாமல் இருந்தாலும் பிள்ளைக்கு அது மகள்தான். உம்மாவின் சேலை வாசம் இருக்கும் அந்தப் பொம்மைக்கு ஈடான பொம்மை எந்தக் கடையிலும் இல்லை. வாரம் ஒருமுறை துவைத்து வெயிலில் காய வைத்தால் போதும்.

பிள்ளை எதில் இலயிக்கும்?

பொம்மை எவ்வளவுக்குப் பேசுகிறதோ அவ்வளவுக்குப் பிள்ளை பேசாமலிருக்கும். விசையை அமுக்கினால் ஆடிப் பாடும் பொம்மையைப் பிள்ளை சற்று நேரம் வேடிக்கை பார்க்கும், பிறகு எறிந்துவிடும். ஏனெனில் விளையாட்டை அந்தப் பொம்மையே ஆடி முடித்துவிடுகிறது. துணிப் பொம்மையோ ஒன்றும் செய்யாது. எனவே பிள்ளைதான் அதற்குச் சோறூட்டும், தாலாட்டும், காய்ச்சல் என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கும். 2016-இல் அமெரிக்காவின் வட அரிசோனாப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி ஒன்று வெளியாயிற்று. பத்து முதல் பதினாறு மாதக் குழந்தைகளின் வீடுகளில், பேட்டரி பொம்மைகள் ஓடும்போது பெற்றோர் குழந்தையிடம் பேசும் சொற்கள், பழைய முறை விளையாட்டுப் பொருள்களும் புத்தகங்களும் இருக்கும்போது பேசுவதைவிடக் குறைந்திருந்தன. பிள்ளைக்கு மொழி வருவது நம் வாயிலிருந்துதானே?

எண்ணிக்கையும் குறைவாக இருக்கட்டும். வீண் விரயத்தை அல்லாஹ் நேசிப்பதில்லை என்று திருமறை கூறுகிறது. 2018-இல் டொலீடோ பல்கலைக்கழகத்தார் நடத்திய சோதனையிலும், சிறு பிள்ளைகள் பதினாறு விளையாட்டுப் பொருள்களோடு விடப்பட்டபோதைவிட, நான்கே பொருள்களோடு விடப்பட்டபோது ஒவ்வொன்றிலும் நெடுநேரம் இலயித்து, பலவிதமாக விளையாடினார்கள் என்று கண்டார்கள்.

ஆண்பிள்ளை பொம்மையைத் தாலாட்டினால் சிரிக்காதீர்கள். தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்று சொன்ன மனிதரை நாயகம் (ஸல்) அவர்கள் பாராட்டவில்லை. இரக்கம் காட்டாதவர் இரக்கம் காட்டப்படமாட்டார் என்றே உணர்த்தினார்கள். பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடி தொழ வைத்தவர்கள் அவர்கள். இன்று பொம்மையை மெல்லப் பிடிக்கும் கை, நாளை ஒரு பிள்ளையை மெல்லப் பிடிக்கும்.

வாக்கும் நீதியும்

“இப்போது அழாதே, நாளைக்குக் குற்றாலத்தில் வாங்கித் தருகிறேன்” என்று சொல்லிவிட்டு மறந்துவிடுகிறோம். பிள்ளை மறக்காது. ஒரு தாய் தம் சிறுவனை, ஒன்று தருகிறேன் வா என்று அழைத்தபோது, என்ன தரப்போகிறாய் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் அவர். ஒன்றும் கொடுக்காமல் விட்டிருந்தால் உன்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்ற கருத்தில் அண்ணலார் எச்சரித்தார்கள். அபூதாவூதில் வரும் செய்தி இது. வாங்க முடியாவிட்டால் முடியாது என்று கனிவாகச் சொல்லுங்கள். அழட்டும், அழுகை தீர்ந்துவிடும். பொய்யைக் கற்றுக்கொண்டால் அது தீராது.

மகனுக்கு மட்டும் வாங்கி மகளை வெறுங்கையோடு நிறுத்தாதீர்கள். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தை ஒரு மகனுக்கு மட்டும் கொடுத்த அன்பளிப்புக்குச் சாட்சியாக இருக்க நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்களே! பக்கத்து வீட்டு ஏழைப் பிள்ளை வாசலில் நின்று பார்த்தால், அதையும் உள்ளே அழைத்து விளையாட விடுங்கள். அன்னையாரின் தோழியரை அண்ணலார் அப்படித்தான் அனுப்பி வைத்தார்கள்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளை ஒவ்வொரு தீங்கிலிருந்தும் காப்பானாக! அவர்களை நம் கண்களுக்குக் குளிர்ச்சியாக்கி வைப்பானாக! அவர்கள் விஷயத்தில் நாளை மறுமையில் கேள்வி கேட்கப்படும்போது பதில் சொல்லும் தகுதியை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.